தலைப்பிரசவம் எங்க வீட்டுது

ஈப்போ பக்கத்துப் பத்து காஜா ஊரில் ஒரு வாரமாக விட்டுவிட்டுப் பெய்த மழையில் சாலையோரப் புல் முழங்காலுக்கு ஏறிவிட்டிருந்தது. ஈரப் புல்லை வெட்டுவது லேசான காரியமில்லை. இயந்திரத்தின் நைலான் கயிறு அறுந்து அறுந்து விழும். வெட்டின புல் சாணிபோலக் கால்சட்டையில் அப்பிக்கொள்ளும். புல் வெட்டும் குத்தகை எடுத்திருந்த மற்றவர்கள் வெயில் வரட்டும் என்று கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். கனகராஜ் உட்காரவில்லை. தன் பங்குச் சாலை இன்னொருவன் சாலைக்குப் பிந்திச் சுத்தமாவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வயது அறுபதை நெருங்கியும் இயந்திரத்தைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு, சம்பளத்துக்கு வைத்திருந்த இரண்டு வங்காளதேசத்துக்காரர்களோடு சேர்ந்து வெட்டினார். பெட்ரோல் புகையும் பச்சைப் புல் வாசமும் கலந்து, தூரத்துச் சுண்ணாம்பு மலை வரைக்கும் ஒரு மங்கல் நின்றது.

சட்டைப் பையில் கைப்பேசி நடுங்கியது. இயந்திரத்தை அணைத்துவிட்டு எடுத்தார். மகேந்திரன். சம்பந்தியம்மாள் பூமணியின் தங்கை மகன். பிறக்கிற குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து, உறைய வைத்து, அந்தக் குழந்தைக்கென்றே காத்து வைக்கிற தனியார் கம்பெனி ஒன்றில் முகவராக இருந்தான்.

"அங்கிள், பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு. சொல்லு."

"அந்தக் கொடி ரத்த விஷயம்தான் அங்கிள். தினேஸ்வரி இன்னும் கையெழுத்துப் போடல. கேட்டா யோசிக்கிறேன்னு சொல்றாங்க. வலி எடுத்த பின்னாடி ஓடி வந்தா ஒண்ணும் செய்ய முடியாது லா."

"என்ன யோசனை? சபையில நான் சொன்னது சொன்னதுதான். இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. போட்டுக் குடுப்பா."

கைப்பேசியை உள்ளே வைத்தார். இயந்திரத்தை முடுக்கினார். அன்றைக்கு வெட்டின இடமெல்லாம் மண் தெரிந்தது.

அந்தச் சொல் சபையில் கொடுக்கப்பட்ட விதம் இது. மகள் தினேஸ்வரிக்குச் சிலிபினில் ஒரு கோயில் மண்டபத்தில் வளைகாப்பு வைத்திருந்தார் கனகராஜ். காம்பாரிலிருந்து அவருடைய அக்கா ராக்காயி வந்து முதல் வளையலைப் போட்டுவிட்டாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று வகைவகையாகப் பரிமாறி, சொந்தபந்தம் எல்லாம் கை நனைத்துக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை ஹரிஷாந்தின் வீடு யாழ்ப்பாணத்து வழி. அவன் அப்பா மயில்வாகனம் அரசாங்க உத்தியோகத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய அப்பா அந்தக் காலத்து ரப்பர் தோட்டமொன்றில் பெரிய கிராணி, அதாவது துரைக்கு அடுத்த கணக்கர். கனகராஜின் அப்பாவோ வேறொரு தோட்டத்தில் பால்மரம் சீவினவர். பிள்ளைகள் விரும்பிக் கட்டிக்கொண்ட கல்யாணம் என்பதால் இரண்டு வீடும் மரியாதையோடுதான் பழகின. ஒரு வீடு மரியாதை கொடுத்தது. மற்ற வீடு கொடுத்தது போதுமா என்று பார்த்துக்கொண்டது.

பூமணி இலையில் கை வைக்காமல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "மகேந்திரன் ஒரு நல்ல விஷயம் கொண்டு வந்திருக்கிறான். எங்கட பேரப்பிள்ளையின்ட கொடி ரத்தத்தை எடுத்து வைக்கிறது. செலவு கொஞ்சம் கூடத்தான். நாங்களே செய்யிறம். உங்களுக்கு ஏன் கரைச்சல்?"

கரைச்சல் என்றால் அவர்கள் பேச்சில் தொந்தரவு. கொடி ரத்தம் என்றால் என்ன, எதற்கு எடுக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்பதில் ஒன்றும் கனகராஜின் காதில் விழவில்லை. "நாங்களே செய்யிறம்" என்ற சொல் மட்டும் விழுந்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு நடு மண்டபத்தில் நிமிர்ந்து நின்றார்.

"தலைப்பிரசவம் எங்க வீட்டுது, சம்பந்தியம்மா. மருந்து செலவுலேருந்து மஞ்சத் தண்ணி வரைக்கும் எதுவா இருந்தாலும் நாங்கதான் செய்வோம். இதையும் சேத்து. யாரும் மனசுல வேற மாதிரி நெனச்சுக்க வேணாம்."

சபை தலையாட்டியது. லோரியில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் மனைவி முத்தம்மா கேட்டாள்.

"ஏங்க, ஏத்துக்கிட்டீங்களே, அது என்னன்னு தெரியுமா?"

"என்னவா இருந்தா என்ன?"

"பாம்பா இருந்தா?"

"பாம்பா இருந்தாலும் தலைப்பிரசவம் எங்க வீட்டுது."

மகேந்திரன் கூப்பிட்ட அன்று பத்து காஜாவிலிருந்து வீடு திரும்பினபோது சாயங்கால மழை பிடித்துக்கொண்டிருந்தது. சிலிபினில் வரிசை வீடு. கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டிருந்தார்கள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முத்தம்மா முருங்கைக்கீரைப் பொரியலும் நெத்திலிச் சம்பலும் ரசமும் வைத்திருந்தாள். தினேஸ்வரி எதிரே வந்து, வயிற்றைத் தாங்கி, நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்தாள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்தவள். ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்தாள்.

"மகேந்திரன் போன் பண்ணான்," என்றார் கனகராஜ்.

"எனக்கும்தான் பண்றான். தெனமும் பண்றான். கேஸ் டாங்கி விக்கிறவன்கூட அப்படி பண்ண மாட்டான்."

"ஏன் கையெழுத்துப் போடல?"

"போடப் போறதில்லப்பா."

கீரையைப் பிசைந்த கை நின்றது. முத்தம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நான் குடுக்கப் போறேன்," என்றாள் தினேஸ்வரி. "அந்தக் கம்பெனியில வச்சா எம்புள்ளைக்கு மட்டும்தான். பூட்டி வச்சிருப்பாங்க. அதுக்குத் தேவைப்படலாம், படாமலும் போலாம். அனேகமா படாது. அரசாங்க ரத்த வங்கிக்குக் குடுத்தா, யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்குப் போகும். நான் பேறுக்குப் பதிஞ்சிருக்கிற ஆஸ்பத்திரியிலேயே எடுப்பாங்க. வலி வர்றதுக்கு முந்தி நான் சம்மதம் குடுக்கணும், அவ்வளோதான்."

"யாருக்குப் போகும்?"

"தெரியாது. சொல்ல மாட்டாங்க."

"பேரு தெரியாதவனுக்கு என் பேரப்புள்ள ரத்தமா?"

"கொடியை வெட்டின பின்னாடி அதுல தங்கி நிக்கிற ரத்தம்பா. எடுக்கலன்னா தூக்கிப் போடுறதுதான். புள்ளைக்கு வலிக்காது, எனக்கும் வலிக்காது."

"நான் வலியைப் பத்திப் பேசல. நாலு பேரு முன்னால நான் சொன்ன வாக்கைப் பத்திப் பேசுறேன்."

தினேஸ்வரி தண்ணீர் குடித்தாள். மழை கொஞ்சம் தணிந்திருந்தது.

"போன வருஷம் எங்க வார்டுல ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு. நம்மாளு. ரத்தப் புத்து. பொருந்துற எலும்பு மஜ்ஜையோ கொடி ரத்தமோ ஏத்தணும். கூடப் பொறந்தவங்களோடது சேரல. தானம் குடுக்கிறவங்க பதிவுல தேடுனாங்க. நம்மாளுங்க அதுல ரொம்ப கொறச்சல்பா. பக்கத்துக் கட்டில் சீனப் புள்ளைக்கு ஒருத்தரோடது பொருந்திருச்சு. அந்தப் புள்ள வீட்டுக்குப் போற அன்னைக்கு, அதோட அம்மா இந்த அம்மாவுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக் குடுத்துட்டுப் போனாங்க. இவங்க அந்தப் பையைப் புடிச்சுக்கிட்டே என்னைக் கேட்டாங்க. ஏன் மிஸ்ஸி, நம்மாளுங்க யாரும் குடுக்க மாட்டாங்களான்னு. நான் என்ன சொல்லுவேன்? எங்கப்பா சபையில வாக்குக் குடுத்திருக்காருன்னா?"

"அந்தப் புள்ள இப்ப..." என்று இழுத்தாள் முத்தம்மா.

"இல்லம்மா."

கனகராஜ் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாவம்தான். நான் கல்லு இல்ல. ஆனா இப்ப நான் பின்வாங்குனா அந்த வீட்டுல என்ன பேசுவாங்க தெரியுமா? துள்ளிக் குதிச்சான், செலவுன்னதும் சுருண்டுட்டான்னு பேசுவாங்க. கிராணி வீட்டுக்காரங்க முன்னால எங்கப்பா தலைநிமிந்து நின்னதில்ல. நான் நிக்கிறேன். நிப்பேன்."

"நில்லுங்கப்பா. யாரு வேணாம்னா? அதுக்கு ஏறி நிக்க என் கொடிதான் கெடச்சுதா?"

கனகராஜ் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "உம்மகளைக் கால நீட்டி உக்காரச் சொல்லு, வீங்கியிருக்கு" என்பார் அவர். "உங்க வீட்டுக்காரரைச் சட்டையைக் கழட்டிப் போடச் சொல்லுங்க, புல்லு உதிருது" என்பாள் அவள். முத்தம்மா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, "நான் என்ன போஸ்ட்மேனா?" என்று கத்தினாள். ராக்காயி காம்பாரிலிருந்து கூப்பிட்டு, காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில், "ரத்தத்தைப் பேங்குல போட்டாச்சாடா?" என்று விசாரித்தாள். "போடப் போறோம்க்கா!" என்று வீடே அதிரக் கத்தினார் கனகராஜ். மகளுக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிபோல சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். மயில்வாகனம் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், பூமணி பழக்கூடையோடு, ஹரிஷாந்த் யாரையும் பார்க்காமல், கடைசியாக மகேந்திரன் கையில் பலகை போன்ற கணினியோடு. முத்தம்மா கோப்பியும் உளுந்து வடையும் கொண்டுவந்து வைத்தாள். மழைக்கால ஈரத்தில் நாற்காலிகளுக்குக்கூட ஒரு புழுங்கின வாசம் இருந்தது.

"வடை நல்லா வந்திருக்கு," என்றார் மயில்வாகனம்.

"அவ கை அப்படி," என்றார் கனகராஜ். "மகேந்திரா, அதை எடு. உம்மகளைக் கூப்பிடு முத்தம்மா."

தினேஸ்வரி கதவருகிலேயே நின்றாள்.

"இங்கயே நிக்கிறேன்பா. உக்காந்தா எந்திரிக்க முடியல. மாமா, மாமி, மன்னிச்சுக்குங்க. நான் வைக்கல. அரசாங்க வங்கிக்குக் குடுக்கிறேன்."

மகேந்திரன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். "அக்கா, எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்வாங்க. நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா யாரைக் கேப்பீங்க? குடுத்துட்டா திருப்பிக் கேக்க முடியாது தெரியும்ல?"

"தெரியும் மகேந்திரன். தெரிஞ்சுதான் குடுக்கிறேன்."

"ஹரி, நீ என்ன பேசாமல் இருக்கிறாய்?" என்றாள் பூமணி.

ஹரிஷாந்த் வடையைப் பார்த்தான்.

"பிள்ளை, இஞ்ச பார்," பூமணி குரலைத் தணித்துக்கொண்டாள். "நான் உன்னில பிழை சொல்லேல்ல. நீ ஆஸ்பத்திரியில வேலை செய்யிற பிள்ளை, உனக்கு இரக்கம் கூட. ஆனால் இது எங்கட பரம்பரை ரத்தம். எங்கட மாமா கிராணியாய் இருந்த காலத்தில வீட்டுக் கிணத்தில வேற ஆக்கள் தண்ணி அள்ளினதில்லை. அப்படி இருந்த குடும்பம். ஆருக்குப் போய்ச் சேருமெண்டே தெரியாமல், கண்ட தோட்டத்துச் சனத்துக்கெல்லாம் எங்கட ரத்தத்தைக் குடுக்கிறதோ?"

சொல்லி முடித்த பிறகுதான் எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பூமணி, நீர் சும்மா இரும்," என்றார் மயில்வாகனம் மெதுவாக.

அடுப்படி வாசலில் முத்தம்மாவின் முகம் சிவந்துபோய் இருந்தது. தினேஸ்வரி மாமியாரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். கனகராஜ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மகளைக் கையெழுத்துப் போட வைப்பதற்காகத் துவைத்து மடித்த வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகத் தயாராக இருந்தவர். அவர் உள்ளே ஏதோ ஒன்று, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்ததும் எழுகிற மாதிரி, எழுந்து நின்றது.

"கோப்பியைக் குடிங்க சம்பந்தியம்மா, ஆறிடும்," என்றார். பிறகு மகேந்திரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். எம்மக வயித்துல இருக்கிற புள்ள ஒடம்புல பாதி ரத்தம் தோட்டத்து ரத்தம். எங்கப்பா மரம் சீவுனவரு. எங்கம்மா வெளிக்காட்டுல புல்லு புடுங்குனவங்க. அதைத் தனியாப் பிரிச்சு எடுக்கிற மெஷின் ஒங்க கம்பெனியில இருக்கா?"

"அங்கிள், அப்படியெல்லாம்..."

"இருக்கா இல்லையா?"

"இல்ல அங்கிள்."

"இல்லல்ல? அப்ப ஒங்க பெட்டியில வச்சா கிராணி ரத்தமும் தோட்டத்து ரத்தமும் ஒரே பையில கெடக்கும். சம்பந்தியம்மாவுக்கு அது சரிப்பட்டு வராது. எடுத்து மூடு."

"நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்ல," என்றாள் பூமணி. "உங்களை எங்கட ஆக்களாய்த்தானே..."

"எங்களை ஒங்க ஆளா நெனைக்க வேணாம்மா. நாங்க எங்க ஆளாவே இருந்துக்கறோம்." கனகராஜ் எழுந்தார். "தலைப்பிரசவம் எங்க வீட்டுது. அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். செலவு எங்க வீட்டுதுன்னா முடிவும் எங்க வீட்டுது. வைக்கல. குடுக்கிறோம். எந்தத் தோட்டத்துச் சனத்துக்குப் போனாலும் போகட்டும். சீனனுக்குப் போகட்டும், மலாய்க்காரனுக்குப் போகட்டும். வேணும்னு கேக்கிறவனுக்குப் போகட்டும்."

பூமணிக்கும் முதுகு வளையாது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் கேட்டாள்: "அண்டைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால வாக்குக் குடுத்தனீங்களே. அது என்னாச்சு?"

"குடுத்தேன். யார் யாரு முன்னால குடுத்தேனோ அவங்கவங்க வீட்டுக்கே போய்த் திருப்பி வாங்கிக்கிறேன். அது என் பாடு."

அவர்கள் காருக்குப் போகும்போது ஹரிஷாந்த் மட்டும் பின்தங்கி நின்றான். "அங்கிள், நாங்க ரெண்டு பேரும் இதைப் பேசி முடிச்சு மாசமாச்சு. அம்மாகிட்ட சொல்லத்தான் எனக்கு..."

"வாய் இருக்குன்னு இப்பவாச்சும் ஞாபகம் வந்துச்சே," என்றாள் தினேஸ்வரி. அவன் காதுவரை சிவந்து போனான். ஆனால் காரில் ஏறவில்லை. அன்றைக்கு மதியம் அங்கேயே சாப்பிட்டான்.

சொன்ன சொல்லை விடுகிறவன் அதைக் கேட்டவர்கள் முகத்துக்கு நேரே போய்த்தான் விட வேண்டும். கைப்பேசியில் விடுவது திருட்டுத்தனம். கனகராஜுக்கு அதில் சந்தேகமே இல்லை. அடுத்து வந்த நாட்களில் வேலை முடிந்ததும் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு, வளைகாப்புக்கு வந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனார்.

"கல்யாணப் பத்திரிகை வைக்கப் போற மாதிரியே இருக்கு," என்றாள் முத்தம்மா. "வெத்தலைத் தட்டு தரட்டுமா?"

"குடு."

கிண்டலுக்குச் சொன்னவள் தட்டை எடுத்துக் கொடுத்தாள்.

முதலில் காம்பார். ராக்காயி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டை அவள் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, அன்னைக்கு மண்டபத்துல ஒரு வாக்குக் குடுத்தேன்ல. அதைத் திருப்பி எடுத்துக்கறேன்."

"என்னாது?"

"ரத்தத்தைப் பேங்குல வைக்கல! தானம் குடுக்கிறோம்!"

"யாருக்கு?"

"தெரியாது!"

"தெரியாமயாடா குடுப்ப?"

"தெரியாமத்தான் குடுக்கணுமாம்!"

எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கோழிக்குத் தீனி போடுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். ராக்காயி வெற்றிலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கே கேட்காத அளவு சின்னக் குரலில் சொன்னாள்: "நம்ம வீட்டுல யாரும் வாக்கு மாறுனதில்லையே தம்பி."

"மாறிட்டேன்க்கா. மாறிட்டேன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

அவள் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம்.

எல்லா வீடும் அப்படி இல்லை. ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாய் என்றார்கள். சிலிபினிலேயே ஒரு வீட்டில், முத்தம்மாவின் சித்தப்பா மகன், தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டான்: "உள்ளதைச் சொல்லு மச்சான். காசு பத்தல, அதானே?"

எந்தச் சொல்லுக்குப் பயந்து கனகராஜ் மகளோடு பேசாமல் இருந்தாரோ அந்தச் சொல். மூக்கு விடைத்தது. தன்னிடம் இருப்பது என்ன என்று இவனுக்கு இங்கேயே சொல்லிவிடலாம். லோரி யாருடையது, வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்கலாம். பூமணி பேசின பேச்சைச் சொன்னாலும் போதும், இவனே எகிறிக் குதிப்பான். ஆனால் அந்தப் பேச்சு இந்த வாசலைத் தாண்டினால் நாளைக்கு ஊரெல்லாம் பேசும். மகள் அந்த வீட்டில் வாழப் போகிறவள்.

"பத்தலன்னே வச்சுக்க," என்றார். வெற்றிலையை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தினேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசியாறுறீங்களாப்பா?" என்றாள் நேராகவே.

"ம்," என்றார்.

வலி ஒரு வியாழக்கிழமை காலையில் எடுத்தது. மதியத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு குடும்பமும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஹரிஷாந்த் மனைவியோடு உள்ளே இருந்தான். வெளியே இடி இடித்து, மலை மறைந்து, கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஓடியது. முத்தம்மா கொண்டுவந்திருந்த சுடுநீர்க் குடுவையிலிருந்து கோப்பி ஊற்றி முதலில் பூமணிக்குத்தான் நீட்டினாள். பூமணி வாங்கிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மேல் கதவைத் திறந்துகொண்டு மலாய்த் தாதி வந்தாள். பெண் குழந்தை, தாயும் சுகம், பிள்ளையும் சுகம் என்றாள். முத்தம்மா அழுதாள். மயில்வாகனம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாதி போகத் திரும்பினவளிடம் கனகராஜ் தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டார், கொடி ரத்தம் எடுத்தாயிற்றா என்று.

எடுத்தாயிற்று, ஆனால் அளவு கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருக்கிறது என்றாள் அவள். சோதித்துப் பார்த்துப் போதுமானதாக இருந்தால் சேமிப்பார்கள். போதாவிட்டால் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எப்படியோ, கொடுத்ததற்கு நன்றி என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

பூமணி பெருமூச்சு விட்டாள். "பாத்தீங்களோ? கம்பெனியில குடுத்திருந்தால் எவ்வளவு வந்தாலும் வச்சிருப்பினம். இப்ப அவைக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. வீணாய்ப் போச்சு."

இத்தனை வீட்டு வாசலில் தலைகுனிந்தது ஒரு குப்பைத் தொட்டிக்காகவா என்று கனகராஜுக்கு ஒரு கணம் தோன்றாமல் இல்லை. அது தோன்றின வேகத்திலேயே அவருக்குக் கோபம் வந்தது. பூமணிமேல் அல்ல, தன்மேல்.

"வீணாப் போகலம்மா. குடுக்கிறதுதான் நம்ம வேலை, குடுத்தாச்சு. வாங்கிக்கிறதும் தள்ளுறதும் அவங்க பாடு. பத்தலன்னு தள்ளுனா தள்ளட்டும். எங்க வீட்டுல கேட்டு இல்லைன்னு சொன்னாங்கன்னு யாரும் சொல்ல முடியாது."

"கேட்டது ஆர்? ஒருத்தரும் கேக்கேல்லையே."

"கேட்டாங்க," என்றார் கனகராஜ். "எம்மக காதுல கேட்டுச்சு."

உள்ளே விட்டார்கள். தினேஸ்வரி முகம் வீங்கி, முடி நெற்றியில் ஒட்டி, கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றின குழந்தை சுருக்கம் விழுந்த சின்ன நெற்றியோடு, யாருடனோ சண்டைக்குக் கிளம்பின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. பூமணி அதைக் கண்டதும் எல்லாவற்றையும் மறந்து, "என்ட குஞ்சு, என்ட ராசாத்தி" என்று அள்ளிக்கொண்டாள். கொஞ்சிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"இந்த முறை போகட்டும். அடுத்தது எங்கட வீட்டுப் பிரசவம். அப்ப எங்கட முடிவு. ஒருத்தரும் குறுக்க வரேலாது."

கனகராஜ் வாயைத் திறந்தார். மூடினார். தலைப்பிரசவம் தாய்வீட்டுது, அடுத்தது மாமியார் வீட்டுது. முறை அதுதான். அவரே தூக்கிப் பிடித்த முறை.

"மாமி," என்றாள் தினேஸ்வரி. குரல் கம்மியிருந்தாலும் தெளிவாக வந்தது. "செலவு நீங்களே பண்ணுங்க. நல்லாப் பண்ணுங்க. கொடி என்னோடது. அப்பவும் நான்தான் சொல்லுவேன். அப்பவும் குடுப்பேன்."

கனகராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்கப்பா. உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். செலவு எங்க வீட்டுதுன்னா முடிவும் எங்க வீட்டுதுன்னு சொன்னீங்கல்ல? இந்த வாட்டியும் அது உங்க முடிவு இல்ல. நீங்க மாறாட்டியும் நான் குடுத்துத்தான் இருப்பேன்."

ஹரிஷாந்த் இரண்டு பக்கமும் பார்த்தான். கனகராஜ் மகளை நேராகப் பார்த்தார். சீவிவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. அதில் அவருக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பேச்சு பூமணியோடு நின்றிருந்தால் போதும் என்று அவர் நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

"குடுத்திருப்ப," என்றார். "தெரியும்."

குழந்தை முகத்தைக் கோணிக்கொண்டு வீறிட்டது. முத்தம்மா முன்னால் வந்து, பூமணியின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி மகளின் மார்பில் போட்டாள்.

"பேசி முடிச்சாச்சுன்னா எல்லாரும் வெளிய நடங்க. அவ புள்ளைக்குப் பால் குடுக்கணும்."

மயில்வாகனம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தயங்கி, "நீங்கள் போங்கோ" என்றார். கனகராஜ் மறுத்துச் சொல்லவில்லை. நீங்க முதல்ல போங்க சம்பந்தி என்று உபசாரமும் பண்ணவில்லை. முதல் ஆளாக வெளியே நடந்தார், முதுகு வளையாமல்.